நூற்றைந்து லிட்டர் பலகை

ஜூன் 1, ஞாயிறு
கோவளத்தில் ஆறாவது வகுப்பும் முடிந்தது. கையில் காற்றைப் பிடிக்கும் இறக்கை, காலடியில் பலகை, அதற்கு அடியில் நீருக்குள் ஒரு தண்டும், அதன் நுனியில் விமானச் சிறகு மாதிரி ஃபாயிலும். வேகம் வந்தால் பலகை தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். இரண்டு பேரும் விழுந்துகொண்டுதான் இருக்கிறோம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் சேர்ந்து ஆரம்பித்த ஒரே விஷயம் இது. "நமக்குன்னு ஒரு போர்டு வாங்கிடலாம் பிரியா. ஒண்ணு போதும்" என்றார் பிரசன்னா.

ஜூன் 3
பலகையின் அளவு லிட்டர் கணக்காம்; ஏறுகிறவர் எத்தனை கிலோவோ அதோடு முப்பதாவது சேர்த்து வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர் ஜஸ்டின். யாருடைய எடை? பிரசன்னா தொண்ணூற்றாறு, நான் ஐம்பத்து நாலு. அவரே கூட்டி இரண்டால் வகுத்தார். எழுபத்தைந்து. ஆக, நூற்றைந்து லிட்டர். எழுபத்தைந்து கிலோவில் எங்கள் வீட்டில் யாருமே இல்லையே? கேட்கவில்லை. தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 5
ஃபாயில் பெரிதென்றால் சீக்கிரம் எழும்புமாம், சின்னதென்றால் வேகமாம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மண்டை காய்கிறது.

ஜூன் 15, ஞாயிறு
புதுப் பலகை. பிரசன்னா முழங்கால் போட்டதுமே அமுங்குகிறது. பதினோரு தடவை. கடுப்பாகி டீ குடிக்கப் போனார். நான் சும்மா ஏறினேன்.

எழும்பிவிட்டது. ஆறேழு நொடி இருக்கும். சத்தமே இல்லை. ஜஸ்டின் மட்டும் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு இது கச்சிதம்."

பிரசன்னா வந்து, "இன்னா, ஏதாவது தேறிச்சா?" என்றார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்றேன்?

ஜூன் 16
இன்னும் சொல்லவில்லை. அவர் பாவம் என்றா? முகம் மாறிவிடும் என்ற பயமா? எனக்கு அவ்வளவு சந்தோஷம் — அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 19
பலகையை விற்பனைக்குப் போட்டுவிட்டார். அடுத்தது நூற்று நாற்பதாம். "பெருசுன்னா ரெண்டு பேருக்கும் ஆவும்." அவ்வளவு பெரிசை என்னால் திருப்பவே முடியாதே — இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை எழும்பியதையும் சொல்லணும். சொல்லித் தொலையேன். வாய் வரமாட்டேங்குது.

ஜூன் 21, சனி
பலகை வாங்க கரையான்சாவடியிலிருந்து தமிழரசு என்று ஒருவர் வந்தார். கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். "இன்னா வெயிட்டு ஆளுக்கு இது கரெக்டா கீது, அண்ணாத்தே?"

பிரசன்னா எழுபத்தைந்து என்று ஆரம்பித்தார்.

"அம்பத்து நாலு," என்றேன். "போன வாரம் நான் இதுல எழும்பினேன். இத விக்கல."

"ஊட்ல பேசிகினு சொல்லுங்க" என்று தமிழரசு வண்டியை எடுத்தார். பிரசன்னா பலகையை மறுபடி அதன் உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அப்புறம், "நான் பாக்கலையே பிரியா" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு
கோவளம். அவர் தண்ணீரில் இறங்கவில்லை, கரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம். ஒரு தடவைகூட நான் எழும்பவில்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நின்றார். போகலாம் என்று மட்டும் சொல்லவேயில்லை.