சாப்பாட்டுக் கையெழுத்து

ஏப்ரல் 9

மூன்றாம் வகுப்புக் கூரை மறுபடி ஒழுகுகிறது. பெஞ்சுகளை ஒரு மூலைக்குத் தள்ளி வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது மலைக்குக் கீழே அஸ்ரூ நகரத்திலிருந்து போன். காட்டுத் திட்ட அலுவலகத்து ஸுகைனா. "பாஸூ சார், மே மாசம் ஜெனீவாவுல உலகக் காட்டு மாநாடு. உங்க ஊர் மக்கள் சார்பா நீங்கதான் பேசணும்."

ஏன் நான்? ஊரில் பிரெஞ்சு நன்றாகப் பேசுபவன் நான் ஒருவன்தான், அதனால். ஆனால் சாயங்காலத்துக்குள் வேறு பல காரணங்களும் எனக்குத் தோன்றிவிட்டன. எல்லாமே என் அறிவைப் பற்றியவை.

மனைவி இத்தோவிடம் சொன்னேன். மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "நீங்க கடைசியா மந்தை பின்னாடி மலை ஏறினது எப்போ?"

பதினாறு வயதில். அதைச் சொல்லவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டிக்கு என் மேல் என்ன பொறாமை?

ஏப்ரல் 17

பள்ளிக்கூடத்தில் கலந்தாய்வுக் கூட்டம். ஸுகைனா திரையில் படம் போட்டு பிரெஞ்சில் விளக்கினாள், நான் எங்கள் பேச்சில் சொன்னேன். "நீங்க எல்லாரும் இந்தக் காட்டுல பங்கு உள்ளவங்க" என்றேன். என் பெரியப்பா மகன் ஹத்து எழுந்தான். "எந்தப் பங்குடா? தொடையா, விலாவா?" கூட்டம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம்.

வடக்குச் சரிவில் தேவதாரு மரங்கள் காய்கின்றன. அதனால் சரிவு முழுவதையும் கம்பி வேலியால் மூடி ஐந்து வருடம் மரக்கன்று வளர்ப்பது திட்டம். ஆடு நுழையக் கூடாது. எங்கள் ஊற்று அந்தச் சரிவுக்கு நடுவில்தான் இருக்கிறது. கோடையில் மந்தைகளுக்கு வேறு தண்ணீர் இல்லை. அந்தப் படம் வேகமாகப் போனது. நானும் வேகமாகவே மொழிபெயர்த்தேன் — என் உச்சரிப்பைப் பற்றித்தான் கவலை.

பிறகு எல்லாருக்கும் சாப்பாடு, கறி போட்ட கோதுமைக் குஸ்குஸ். வரிசையில் நின்றவர்களிடம் ஸுகைனா கொடுத்த தாளும் பேனாவுமாக நானே போனேன். எண்பது ஆடு வைத்துத் தனியாளாக மேய்க்கும் தூதா அக்கா கேட்டாள்: "இது எதுக்கு?"

"வந்ததுக்கு அக்கா. சாப்பாட்டுக்கு."

கட்டைவிரலை வைத்தாள். மொத்தம் அறுபத்தொரு பேர். கறி நன்றாக வெந்திருந்தது.

ஏப்ரல் 18

ஜெனீவா உரையில் 'நான்' பதினான்கு இடத்தில் வருகிறது. பன்னிரண்டாகக் குறைத்தேன்.

மே 6

கோட்டு தைக்கக் கொடுத்து வாங்கியும் வந்துவிட்டேன். இப்போது ஸுகைனா சொல்கிறாள்: "கோட்டு வேண்டாம் சார், உங்க பாரம்பரிய உடையில வாங்க." என்னிடம் அது ஏது? ஹத்துவின் கம்பளி மேலங்கியை இரவல் கேட்டேன். "பத்திரம்டா. அதுல ஒரு ஆட்டுக்குட்டி பொறந்திருக்கு" என்றான். நம்பவில்லை. வீட்டில் பிரித்து முகர்ந்ததும் நம்பினேன்.

மே 20, ஜெனீவா

எனக்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகி இப்போது இரண்டாகிவிட்டது. மின்தூக்கியில் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மேலங்கி செய்த வேலை.

கூடத்துக்கு வெளியே ஆள் உயரத்துக்கு எங்கள் திட்டத்தின் விளம்பரத் தட்டி. அதில் பெரிதாக என் படம்! கையில் பேனா, வாயெல்லாம் பல். இரண்டு தரம் தள்ளி நின்று ரசித்துவிட்டு, கீழே இருந்ததைக் கடைசியாகத்தான் படித்தேன். 'சரிவை முழுமையாக மூட 61 குடும்பத் தலைவர்கள் எழுத்துமூலம் ஒப்புதல்.'

ஐயோ. அது சாப்பாட்டுக் கையெழுத்துடா! யாருடா ஒப்புதல் கொடுத்தா? நானே போய், நானே கேட்டு, நானே வாங்கி — கடவுளே.

ஸுகைனாவைப் பிடித்துக் கேட்டேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார் பண்றாங்க. விருப்பமில்லேன்னா அவங்க எழுந்து போயிருக்கலாமே?" கோபப்பட முடியவில்லை. அவளுக்கு மேலே இருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

மே 21

பேசினேன். பேசினேனா, உளறினேனா? முதல் அரை நிமிடம் காதில் கருவி மாட்டியிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மண்டபத்தைக் கட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசிக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்க்க அங்கே ஆளே இல்லை.

பிரெஞ்சுக்கு மாறினேன். எழுதி வைத்ததைத் தொடவில்லை. "வெளியே தட்டியில் இருப்பவன் நான். அந்தக் கையெழுத்துகள் மதியச் சாப்பாட்டுக்காக நான் வாங்கியவை. வேலியைப் பற்றி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை." சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் நின்றுவிட்டது. தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரை அழைத்தார்.

தேநீர் வரிசையில் காங்கோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல மீன் போட்டாங்க" என்றார்.

மே 25

ஜெனீவாவில் சொன்னது சுலபம். ஊரில் சொல்வதுதான்—

பள்ளிவாசலுக்கு முன்னால் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னேன். கேலி செய்வான் என்று ஹத்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூதா அக்கா கிட்டே வந்தாள். "நான் படிக்காதவ. உன்னைப் பார்த்துத்தானே பாஸூ விரலை வெச்சேன்?"

இத்தோ சாப்பாடு போட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஜூன் 14

வேலிக் கம்பம் ஏற்றிய லாரி வந்தது. பெண்கள் பாதையை மறித்து உட்கார்ந்து கம்பளி நூற்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுநர் மதியம் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார். முன் வரிசையில் இத்தோ. அவளுக்கு நூற்கவே தெரியாது.

'அந்தக் கையெழுத்து ஒப்புதல் அல்ல' என்று திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். விரல் வைக்குமுன் தூதா அக்கா மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். நான்காம் முறை ஹத்துவின் மகளை வாசிக்க வைத்துச் சரிபார்த்தாள். சரிதான். எனக்கு இது வேண்டியதுதான்.

ஜூலை 11

அலுவலகம் இறங்கி வந்தது. ஊற்றடியில் கூட்டம், சாப்பாடு கிடையாது. ஸுகைனாவும் அவள் மேலதிகாரியும் பாறைமேல் உட்கார்ந்தார்கள். தூதா அக்கா தரையில் கல் அடுக்கிக் காட்டினாள்: சரிவை மூன்றாகப் பிரிப்பது, ஒவ்வொன்றாக மூடுவது, ஊற்றுக்குப் போகும் வழியை மட்டும் எப்போதும் திறந்து வைப்பது. "மரம் காயறது எங்களுக்கும் தெரியுது. அது இல்லேன்னா ஊத்து ஏது?"

நான் மொழிபெயர்த்தேன். நடுவில் அவள் கையமர்த்தினாள்.

"நான் இவ்வளவு நீளமாப் பேசலையே?"

உண்மைதான். என் கருத்து இரண்டைச் சேர்த்துவிட்டேன். ஸுகைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நோட்டை எடுத்து, "எந்தப் பங்கை முதல்ல மூடலாம்?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அவர்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அது.

செப்டம்பர் 28

மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வேலி. வருடா வருடம் சேர்ந்து பார்த்து முடிவெடுக்க ஒரு குழு, அதில் பாதி எங்கள் ஆட்கள்.

குழுத் தலைவர் தேர்தலில் தூதா அக்காவுக்கு ஐம்பத்து மூன்று கை. எனக்கு இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று ஹத்து, அவன் காதைச் சொறியத் தூக்கியது. இத்தோ யாருக்குக் கை தூக்கினாள் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

நவம்பர் 16

எங்கள் வீட்டு ஆடு ஒன்று வேலிக்குள் புகுந்து மூன்று கன்றைத் தின்றுவிட்டது. குழு கூப்பிட்டு அனுப்பியது. வாத்தியார் வீட்டு ஆடு, முதல் தப்பு, கொஞ்சம் பார்த்து விடக் கூடாதா என்றேன்.

"எல்லாருக்கும் போல உனக்கும்" என்றாள் தூதா அக்கா. மூன்று கன்று நட வேண்டும், அந்த வரிசை முழுவதற்கும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்று பள்ளி விட்டதும் ஊற்றிலிருந்து பதினோரு குடம் சுமந்தேன். நாலாவது குடத்தோடு கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சரிவில் ஹத்து மந்தையோடு போய்க்கொண்டிருந்தான். "டேய், வேர்ல ஊத்துடா! இலையில ஊத்தாதே!" என்று கத்தினான்.

வேரில் ஊற்றினேன். முதுகு பிளக்கிறது. இன்னும் ஆறு நாள்.