திருடுபோன குடம்

சேரப்பணஞ்சேரி
11.6.1991

எண்ணூரில் இருப்பவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னை இழுத்துவரத்தான் உன் ஊருக்கு வந்தேன். ஊரா அது? கடற்கரையில் காலை வைக்க இடமில்லை, அவ்வளவு அசிங்கம். வெற்றிலையைப் பிரிப்பதற்குள் அதன்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது. இவ்வளவு பெரிய கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிதண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறார்கள். இதற்காகவா அவனோடு ஓடினாய்?

உன் தெருமுனையில் ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நின்றன. எல்லாம் பிளாஸ்டிக். நடுவில் ஒரே ஒரு பித்தளைக் குடம், அதன் கழுத்தில் உன் அம்மாவின் பெயர். நீ ஓடிப்போன பிறகு வந்த பொங்கலன்று திருடுபோய்விட்டதாக அவள் அழுத குடம்.

லாரி வந்துவிட்டது. உன்னைக் காணவில்லை. ஒருத்தி அந்தக் குடத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னாம்மா பண்றே? அது என் பொண்ணு குடம்" என்றேன்.

எனக்கு மகளே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய்.

தண்ணீர் பிடித்து உன் வாசலில் வைத்தது நான்தான். கதவைத் தட்டவில்லை. அந்த மீன் நாற்றத்தில் எவன் நிற்பான்?

நேற்றுகூட உன் அம்மா குடத்தைத் திருடியவனைத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

இப்படிக்கு,
அப்பா