பற்றரி இல்லாமல் பாடியது

டத்தோ கிராமாட், பினாங்கு
1936

அன்புள்ள அக்கா,

கடிதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதீர்கள். இவருக்குக் கண் பார்வை போய் மூன்று மாதமாகிறது. சாப்பாடு வேண்டுமா என்றாலும் தலையசைப்பு மட்டும்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

இவர் முன்பு ஆசையாக வாங்கிய வானொலிச் சஞ்சிகையில் பல செட்டுகளின் செய்முறை இருந்தது. எனக்கு முடியுமென்று தோன்றியது, சிறு கல்லே வானொலியைப் பிடித்துத் தரும் பளிங்குக்கல் செட் ஒன்றுதான். அதற்கு வால்வு என்ற கண்ணாடிக் குழலும் வேண்டாம், மின்சாரம் தரும் பற்றரியும் வேண்டாம். அட்டைக் குழாயில் செப்புக் கம்பி சுற்றினேன். கல்லும் காதுக்குழாயும் ஜெலுத்தோங்கில் பழைய சாமான் கடையில் கிடைத்தன.

கல்லின்மேல் ஊசிமுனையை நகர்த்தி, ஒலி கேட்கும் சரியான இடம் தேடவேண்டும். நேற்று மாலை முழுக்கத் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. அலுத்துப்போய் இவரிடம் சொன்னேன்.

“இஞ்ச தாரும்,” என்று கை நீட்டினார்.

காதுக்குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக ஊசியை நகர்த்தினார். விரல் சட்டென்று நின்றது.

“இஞ்சேரும், ஆரோ தமிழிலை பாடீனம்!”

ஒரே குழாயில் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டோம். வெறும் கல்லும் கம்பியும்தான், அக்கா! எங்கிருந்தோ ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள் பாடினாள்.

பாட்டு முடிந்ததும் இவர் சொன்னார்:

“அடுத்தது வால்வு செட். சஞ்சிகையை நீர் வாசியும், நான் செய்யிறன்.”

உங்கள் அன்புத் தங்கை