மூன்று முறை பிரித்த தையல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், அண்ணன் இருக்கிறபடி இருக்கிறான், எனக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கிற மட்டும் குறை ஒன்றுமில்லை. நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இந்தத் தடவை அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. வாரத்தில் நாலு நாள் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவிலேயே “விடுங்கப்பா” என்பாய், நானும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று விட்டுவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

முதலில் கடைச் செய்தி. ஜனவரி வந்தால் நமக்கு இடுப்பைப் பிரித்து லூஸ் விடுகிற சீசன் என்று உனக்குத் தெரியும். புது வருஷத்துக்கு மறுநாள் கடை திறந்த அன்றைக்கே ஆளாளுக்குப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள், பேண்ட்டா திருட்டுச் சாமானா என்று சந்தேகம் வருகிற மாதிரி. பாட்டு வாத்தியார் நான் டேப் வைத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மனுஷன் விழுந்துவிடுவாரோ என்று பயந்து போய், “துணி சுருங்கிடுச்சு சார், சலவையில அப்படித்தான் ஆகும்” என்றேன். அவர் நிம்மதியாக மூச்சை விட்டார், டேப் இரண்டு இன்ச் ஓடியது. பஸ் ஓட்டுவதை விட்டதிலிருந்து என்னோடு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற உன் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். முப்பது வருஷமாக நான் யாரிடமும் உடம்பு போட்டுவிட்டது என்று சொன்னதில்லை, துணி சுருங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொல்லாத பொய் இல்லை, வந்தவர் மனசு நோகாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொய்யை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவந்தேன் பார், அங்கேதான் நான் கெட்டேன்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க நீதான் பொருந்துகிறாய், ஆனால் எடை எண்பது கிலோவுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொன்னதும், நீ ஏழு மாதம் வாயைக் கட்டி, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஆபீசுக்கு நடந்து, பதினோரு கிலோ இறக்கினாய். அந்த அளவுக்குத்தான் உனக்குக் கருப்பில் ஒன்றும் சாம்பலில் ஒன்றுமாக இரண்டு பேண்ட் தைத்து அனுப்பினேன். மூன்று வார லீவில் வந்து இறங்கினவுடன் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “எடை மெஷின் எல்லாம் வேணாம்பா, நீங்க தச்ச பேண்ட்தான் எனக்கு மெஷின், அது இறுகினா அன்னைக்கே நிறுத்திடுவேன்” என்றாய். என் தையலை நம்பித்தான் சொன்னாய். முதல் மூன்று நாள் அரைத் தட்டுக்கு மேல் நீ தொடவில்லை. நாலாம் நாள் விருந்தாளிகள் கொண்டுவந்த கேக்கை அம்மா வெட்டி வைத்தாள். நீ தட்டை அண்ணன் பக்கம் தள்ளினாய், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன சாமான் என்று அவன் உன் பக்கம் தள்ளினான், இரண்டு பேரும் அதற்குச் சிரித்தீர்கள். பெற்றது இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் சிரித்தால் எனக்கு எப்படித் தொண்டையில் இறங்கும்? நான்தான் ஒரு துண்டை எடுத்து உன் வாயருகே நீட்டினேன். “ஒரு வாய்தான்பா” என்று வாங்கிக்கொண்டாய். அதற்கப்புறம் ஒரு வாய் நாலு வாய் ஆயிற்று, பிஸ்கட் டப்பா உன் பக்கமாக நகர்ந்தது, வறுத்த கோழியில் தொடைப் பகுதி தானாக உன் தட்டுக்கு வந்தது. தானாக எங்கே வரும், நான்தான் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்து, “கொஞ்சம் இறுக்குதோ” என்றாய். உடனே அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லி வாங்கி, “கசங்கியிருக்கு, கடையில அயர்ன் பண்ணிக் கொண்டாறேன்” என்றேன். அயர்னும் பண்ணினேன், பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பின்பக்க நடுத் தையலைப் பிரித்து இடுப்பை அரை இன்ச் தளர்த்திவிட்டேன். நீ போட்டுப் பார்த்துவிட்டு, “நான்தான் வீணா பயந்துட்டேன்” என்று சொல்லி மத்தியானம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தாலாவது போகட்டும். இரண்டாவது வாரம் இன்னொரு அரை இன்ச், நீ கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு அரை இன்ச், இரண்டு பேண்ட்டிலும். உள்ளே விட்டிருந்த துணி சரியாகத் தீர்ந்துபோனது. நம்பிக்கை இல்லாவிட்டால் பேண்ட்டைத் திருப்பிப் பார், பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசையாகத் தெரியும்.

நீ ஊர் போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது எண்பத்து மூன்றரை காட்டியதாம். “உங்க மெஷின்தான் தப்பு, என் பேண்ட் எனக்கு அப்படியே சரியா இருக்கு” என்று நீ நர்சிடம் சண்டை போட்டு, அவள் வேறு மெஷின் கொண்டுவந்து, அதுவும் எண்பத்து மூன்றரை காட்டி, நீ தலைகுனிந்து நின்றதை போனில் சொன்னாய். ஜனவரி கடைசிக்கு வைத்திருந்த ஆபரேஷனை, நீ எண்பதுக்குக் கீழே வரும்வரைக்கும் தள்ளிவிட்டார்கள். “என் நாக்கு அண்ணனைக் காக்க வச்சிருச்சுப்பா” என்று நீ தேம்பித் தேம்பி அழுதாய். கழுத்தில் டேப் தொங்க போனைப் பிடித்துக்கொண்டு நின்ற இந்தப் பெரிய மனுஷன் என்ன சொன்னேன்? “லீவுல எல்லாருக்கும் ஏறுறதுதாம்மா, மனசை விடாதே” என்று சொன்னேன். என் தப்பை உன் தலையில் வைத்துவிட்டு உனக்கே ஆறுதலும் சொன்னேன். அன்றிலிருந்து நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை, சீ என்று ஆகிவிட்டது.

இத்தோடு முடித்தால் பாசத்தால் செய்துவிட்டார் பாவம் என்று நீ மன்னித்துவிடுவாய். அதுவும் துணி சுருங்கின கதைதான். உள்ளதைச் சொல்கிறேன். முதல் தடவை பிரித்தது பாசம். மூன்றாவது தடவை பிரிக்கும்போது எனக்கு நன்றாகத் தெரியும். நீ எடையில் தோற்றால் உன்னை மேஜையில் படுக்கவைத்து அறுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கத்தரியை எடுத்தேன். ஒன்று ஏற்கெனவே நோயாளி, இன்னொன்றாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட அப்பன் பார். மூத்தவனை யார் பெற்றார்கள்? வாரத்துக்கு மூன்று நாள் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறான், போன வாரம் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, என்னுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். தாகம் எடுத்தால் டம்ளரில் பாதி ஊற்றி அதையும் பார்த்துப் பார்த்துக் குடிக்கிறான். முன்னெல்லாம் தினமும் “பாப்பா எடை எவ்வளவாம்” என்று கேட்பான். ஆபரேஷன் தள்ளிப்போனதிலிருந்து கேட்பதே இல்லை.

முந்தாநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, “தெரியும்பா” என்றான். “அவ கருப்பு பேண்ட் மூணு தடவை மெஷினுக்கு வந்துச்சு, நான் பக்கத்துல உட்கார்ந்துதானே பட்டன் தைக்கிறேன், நான் என்ன குருடா?” என்றான். தெரிந்தும் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தான். பிறகு, “அவளை அறுக்கக் கூடாதுன்னு நீங்க நினைக்கிறீங்க, நானும் தினம் அதைத்தான்பா நினைக்கிறேன். ஆனா எனக்குத் திரும்பப் பஸ் ஓட்டணும்னும் இருக்கே. அதான் அவளை வான்னும் சொல்ல வாய் வரல, வேணாம்னும் சொல்ல வாய் வரல” என்றான். சொல்லிவிட்டு அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நீ செய்ய வேண்டியது. பட்டினி மட்டும் கிடக்காதே. டயாலிசிஸ் வார்டில் சாப்பாட்டு யோசனை சொல்கிற அம்மாவிடம் உனக்காகக் கேட்டேன். கோபத்தில் வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு தளர்ந்து ரத்தப் பரிசோதனையில் வேறு வம்பு வரும், வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும், ஏழெட்டு வாரத்தில் எண்பதுக்குக் கீழே வந்துவிடலாம் என்கிறார். தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் வாரத்தில் ஒரே ஒரு நாள், அதே காலை நேரத்தில் எடை பார்க்கச் சொன்னார். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும் என்றார். நடையை விடாதே. யாராவது ஒரு வாய்தானே என்று நீட்டினால், நானே நீட்டினாலும், வாயைத் திறக்காதே. இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. லீவுக்கு முன்னால் நீ இருந்த அளவுக்கே கருப்பில் புதிதாக ஒரு பேண்ட். தையலுக்குள்ளே ஒரு நூல்கூட மிச்சத் துணி விடாமல் வெட்டியிருக்கிறேன், என் ஆயுசில் யாருக்கும் அப்படித் தைத்ததில்லை. அதை என்னாலும் பிரித்து விட முடியாது. பழையது இரண்டையும் தூக்கிப் போட்டுவிடு.

இன்னும் ஒன்று. உனக்கே உள்ளுக்குள் பயமாக இருந்தால், எனக்கு வேண்டாம்பா என்று ஒரு வார்த்தை நேராகச் சொல். அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவன் ஒரு சொல் சொல்ல மாட்டான், நானும் சொல்ல விடமாட்டேன். வருவதென்றாலும் வராததென்றாலும் அதை நீ முடிவு செய்ய வேண்டும். நான் கத்தரியை வைத்துக்கொண்டு முடிவு செய்தது பெரும் பாவம். அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது, இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப் போகிறேன், எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும்.

நீ நூறு வயசு திடமாக இருக்க வேண்டும், எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உன் உடம்பில் ஒரு குறை வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்ததும் எனக்குச் சொல்ல வேண்டாம், நேராக அண்ணனுக்குப் போன் பண்ணி அவனிடம் சொல். கேட்க அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா