இடது ஸ்பீக்கரில் பழுது இல்லை

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுத வந்தேன், கை ஓடவில்லை. பயப்படாதே, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் நாலு நாளாக நான் பேயறைந்தவன் மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். போனில் நீ அப்பா என்று கூப்பிட்டாலே எனக்குக் குரல் உடைந்துவிடும், அதனால்தான் கடிதம். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அம்மா உன்னிடம் வருவது ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வர டிக்கெட்டே இல்லை, இனிமேல் அங்கேயேதான் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டீர்கள் என்பது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும். அதுவும் யார் சொல்லித் தெரிந்தது என்று நினைக்கிறாய், அந்தப் பாழாய்ப்போன ஸ்பீக்கரால் தெரிந்தது.

நான் உன்னிடம் புலம்பியதெல்லாம் நினைவிருக்கும். ரிடையர் ஆன அன்று பஸ் டெப்போக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அந்த ஐந்து ஸ்பீக்கர்களில் முன்னால் இடது பக்கம் நிற்பது மட்டும் மந்தம். படத்தில் வலது பக்கம் கார் கதவைச் சாத்தினால் பளீரென்று கேட்கும், இடது பக்கம் சாத்தினால் நாலு வீடு தள்ளிச் சாத்தின மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்புகிற பழைய ரிசீவருக்கு இவற்றை இழுக்கத் தெம்பு போதவில்லை என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். நீயும் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தாய், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீங்கப்பா, எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் வருகிறது என்று கேளுங்க, ஸ்பீக்கர் பின்னால் எத்தனை ஓம் என்று பார்த்து அதைத் தாங்குகிற ரிசீவராக எடுங்க, ரூமையும் அளந்துகொண்டு போங்க என்றாய். நான் தரையில் படுத்து டார்ச் அடித்து ஆறு ஓம் என்று குறித்துக்கொண்டேன், டேப் வைத்து ரூமை அளந்தேன், கடைக்காரன் ஆயிரம் வாட் சார் அடிச்சுத் தூக்கும் என்று ஆரம்பித்ததும் ஆயிரம் இருக்கட்டும், ஆறு ஓம் தாங்குமா அதைச் சொல்லு என்று கேட்டேன். அவன் பெட்டியைத் திருப்பி வைத்துத் தேட ஆரம்பித்தான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை உனக்குச் சொல்லி மாளாது. ஆனால் ரிசீவர் வந்து மாட்டினால் இடது பக்கம் அதே மந்தம். வயரை மாற்றினேன். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினேன், வலது பக்கம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது இடது பக்கம் வந்ததும் ஊமையாகிவிட்டது. ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ரிசீவர் வாங்கி வந்தேன், அதிலும் அப்படியே. கடைசியில் ரிசீவரில் இடது பக்கத்துச் சத்தத்தை மட்டும் ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து, அது போகிற மட்டும் ஏற்றி வைத்தேன். அப்போதுதான் இரண்டும் சமமாகக் கேட்டது. அம்மா நடுவில் ஒரு நாள் காது கிழியுது என்று சொன்னாளாம், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் டயரைப் பார்ப்பேன், ஸ்டியரிங்கைப் பார்ப்பேன், ரோடு போட்டவனைக்கூடத் திட்டுவேன், ஓட்டுகிறவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படி ஏற்றி வைத்துக் கேட்க மனசு ஒப்பாமல் இரண்டாவது ரிசீவரையும் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, நீங்க போங்க சார், வீட்டுக்கே ஆள் அனுப்புறேன் என்றான். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு டெக்னீஷியன் பெண் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், தோளில் கருவிப் பை, அதிகம் பேசாத ஆள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, பெட்டிக்குள்ள ஒரு சின்ன மைக் இருந்திருக்குமே சார், அதை வெச்சீங்களா என்பதுதான். பாப்பா, அந்த மைக்கை நான் பாட்டுப் பாடுவதற்குக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்து, நமக்கு இந்த வயதில் பாட்டு ஒன்றுதான் குறைச்சல் என்று மேஜை டிராயரில் பழைய சாவிகளோடு போட்டு வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் உட்காரும் சோபாவில், நடுவில், புத்தகங்களை அடுக்கி என் காது உயரத்துக்கு அந்த மைக்கை வைத்தாள். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் புஸ் புஸ் என்று ஒரு சத்தம் விடும், அது இந்த இடத்துக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று மைக் கேட்டுச் சொல்லும், அதுவரைக்கும் யாரும் பேசக் கூடாது என்றாள். அம்மா சமையலறை வாசலில் கைத்துண்டோடு நின்றாள். எல்லாம் முடிந்து டிவியில் கணக்கு வந்தது. இடதும் வலதும் ஒரு முடி வித்தியாசம் இல்லை. நான் ஏற்றி வைத்திருந்ததை எல்லாம் அவள் இறக்கிவிட்டு, இப்ப கேளுங்க என்றாள். நான் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாத்தீங்களா, இடது பக்கம் வரவே இல்ல, உங்க மைக்குக்கே காது கேக்கலை என்று வேறு சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு, சார், அப்படியே திரும்பி, டிவிக்கு முதுகைக் காட்டி உக்காருங்க என்றாள். ஸ்டூல் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இப்ப எது மந்தமா இருக்கு, கையை நீட்டிக் காட்டுங்க என்றாள். நான் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் என் கை வலது ஸ்பீக்கருக்கு நேராக நீண்டிருந்தது, இத்தனை நாள் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஸ்பீக்கர். நீட்டிய கையை மடக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் மெதுவாக, ரிசீவர் நல்லா இருக்கு சார், ஸ்பீக்கரும் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மூடினாள். பழுது என் இடது காதில்தான். ஓட்டிய வண்டிகளில் எல்லாம் இடது கை ஓரத்தில்தான் இன்ஜின், முப்பது வருஷம் அது என் இடது காதுக்குள்ளேயேதான் ஓடியிருக்கிறது. ஆனால் நான் அதிர்ந்தது அதற்கு இல்லை. அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால் அம்மா சோபாவில் அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கைத்துண்டு இன்னும் கையிலேயே இருக்கிறது. அவள் இடம் எது என்று உனக்குத் தெரியும், என் இடது பக்கம், சமையலறையை ஒட்டின ஓரம். வலது ஓரத்தை என் பேப்பர் கட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷமாக, டிவி ஓட ஓட, அவள் அங்கிருந்துதான் பேசியிருக்கிறாள். எதிரே நின்று கேட்டால் பதில் சொல்வேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், அதனால் இந்த மனுஷனுக்கு நான் கிள்ளுக்கீரை என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? நான் ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். அப்போது கேட்டாள், அப்ப அன்னிக்கு நான் சொன்னதும் உங்களுக்குக் கேக்கலையா என்று. என்றைக்கு, என்ன சொன்னாய் என்றேன். நான் மக கிட்டயே போயிடலாம்னு இருக்கேன், இங்க நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டேனே, நீங்க தலையாட்டினீங்களே என்றாள்.

நான் தலையாட்டினேனாம். ஆட்டியிருப்பேன் பாப்பா, சத்தியமாக ஆட்டியிருப்பேன். முப்பது வருஷம் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் எதையாவது சொல்லிக்கொண்டே வருவான், இன்ஜின் சத்தத்தில் பாதி விழாது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் என் மனைவியை வீட்டை விட்டு அனுப்பிவைக்கும் என்று நான் கண்டேனா? அந்த ஒரு ஆட்டலை நம்பி அவள் பல் டாக்டரிடம் பார்த்த ரிசப்ஷன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள், பீரோ மேலிருந்த பெரிய சூட்கேஸை இறக்கிவிட்டாள், நான் ஒரு மாதத்துக்குத்தானே என்று நினைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாப்பா! உன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். இதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா அப்பா என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, ஓம் எவ்வளவு வாட் எவ்வளவு என்று அத்தனை கேட்டாயே. சரி, விடு. பக்கத்தில் இருக்கிறவனுக்கே தெரியாதபோது கடல் தாண்டி இருக்கும் உன்னைக் கேட்டு என்ன பயன்.

புதன்கிழமை காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு நன்றாக அழுத்தினேன். இடது காதுக்கு இன்னும் மெஷினைப் போடவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன், பாதிச் சோதனை முடிந்துவிட்டதாம். நரம்பு போய்விட்டது, போனது போனதுதான், மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார் டாக்டர். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். எனக்காக அழுகிறாளா, அவளுக்காகவா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியம் வலது ஓரத்துப் பேப்பர் கட்டுகளை எல்லாம் வாரி எடைக்குப் போட்டது. அம்மா நின்று பார்த்துவிட்டு வந்து அங்கே உட்கார்ந்தாள். டிவியை நான் போடவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் என்னென்ன சொன்னாயோ அதையெல்லாம் திரும்பச் சொல்லு என்றேன். அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கு என்றாள், பிறகு ஒவ்வொன்றாக வந்தது, வரவர எனக்கு உட்காரவே முடியவில்லை. அவள் அக்கா இனிமேல் என் வீட்டு வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டதை அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள், நான் டிவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரிப் படியில் விழுந்து முழங்கால் வீங்கியதைச் சொல்லியிருக்கிறாள், நான் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். பாப்பா, யாரோ ஒரு மனசாட்சியில்லாத ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது, கடைசியில் பார்த்தால் அந்த ஆள் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். கேக்காததுக்கு எப்படிங்க மன்னிக்கிறது என்றாள். அது மன்னித்ததா மன்னிக்காததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டிக்கெட்டை ரத்து செய் என்று நான் உனக்கு எழுதவில்லை, எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் தினம் மாலையில் அம்மா வலது பக்கம் வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள், முந்தாநாள் கோபத்தோடு, நேற்று கொஞ்சம் நிதானமாக. நான் ரிடையர் ஆன முதல் மூன்று மாதத்தைத்தான் இன்னும் தாண்டவில்லை. நேற்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, காலண்டரைப் பார்த்து, இந்த வேகத்துல போனா டிக்கெட் தேதிக்குள்ள முடியாது போலிருக்கே என்றாள். நான் இந்த முறை தலையாட்டவில்லை, வாயைத் திறந்து, முடியாது, தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி மகளுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகையால் மறக்காமல் நாளைக்கே தேதியை மாற்று, எப்போது வந்தாலும் திரும்பி வரவும் சேர்த்துப் போடு, அவள் வேண்டாம் என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நீ நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, மாப்பிள்ளையும் நீயும் மனசில் இருப்பதை முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள், ஹெட்போனை இரவு பகலாக மாட்டிக்கொண்டு திரியாதே. ரிசீவர் நல்ல பொருத்தம், ஆறு ஓமைச் சூடாகாமல் தாங்குகிறது, திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஏணி விஷயத்தை எடுக்கச் சொன்னாள், நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
வலது பக்கம் அம்மா உட்கார்ந்திருக்க,
உன் அப்பா