எதிர்வீட்டில் ஒரு லாண்ட்ரி

மார்ச் 4, புதன்

கடையில் கூட்டமில்லை. ஒரே ஒரு பெரியவர், போன வாரம் வாங்கிய கண்ணாடியில் எழுத்தெல்லாம் ஆடுகிறது என்று சண்டைக்கு வந்தார். ஃப்ரேமை நிமிர்த்திக் கொடுத்தேன். ஆட்டம் நின்றது, சண்டை நிற்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அவள் கணவன் பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழக்கூட அவனுக்கு ஆள் துணை வேண்டும். இவளோ நாள் முழுக்க ஹோட்டலில் துணி துவைக்கும் இடத்தில் நிற்கிறாள். அதனால் வீட்டு கார் ஷெட்டிலேயே லாண்ட்ரி போடப் போகிறாளாம்.

"அவரு கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருப்பேன் அண்ணா. எனக்கு அது போதும்."

தெருச் சங்கம் சம்மதித்தால்தான் லைசென்ஸ் கிடைக்கும். நேர் எதிர்வீட்டுக்காரன் நானே சரி என்றுவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறாள்.

"கூட்டத்துல எங்களுக்காக ரெண்டு வார்த்தை பேசுவீங்களா அண்ணா?"

"பார்க்கலாம்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே போனாள்.

"பார்க்கலாம்னா என்ன? பேசுவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"பார்க்கலாம்னா பார்க்கலாம்தான்."

"கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

சங்கத்து செக்ரட்டரி வந்தார். ரிட்டையர் ஆன இன்ஜினியர், உட்காரும்போதே தீர்ப்போடு உட்காருவார். "குடும்பங்க இருக்குற தெரு சார் இது. இன்னைக்கு லாண்ட்ரின்னு விட்டா நாளைக்கு லாரி ஷெட்டு வரும். மெஷின் சத்தம், ஆவி, சோப்புத் தண்ணி... எதிர்வீடு நீங்கதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"பார்க்கலாம் சார்."

என் தோளில் தட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அதே வார்த்தை. அவளும் சந்தோஷமாகப் போனாள், இவரும் சந்தோஷமாகப் போனார். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பின்னே ஏன் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த லாண்ட்ரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் காலை நீட்டிப் பேப்பர் படிக்கும்போது எதிரே யார் வீட்டுப் போர்வையோ சுற்றிக்கொண்டிருப்பதை எவன் பார்ப்பது? அவ்வளவுதான் என் காரணம். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துப்பில்லை.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

மார்ச் 14, சனி

சொல்லவில்லை. இன்று காலை எதிர்வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. நாலு பேர் சேர்ந்து மெஷின்களை இறக்கினார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அங்கிருந்தே கத்தினாள்.

"ஹோட்டல் வேலைய விட்டுட்டேன் அண்ணா! எல்லாம் நீங்க சொன்ன தைரியத்துலதான்!"

நான் என்ன சொன்னேன்? எப்போது சொன்னேன்? நான் சொன்னது அந்த ஒற்றை வார்த்தைதானே. முடியாது என்பதை நம் ஆட்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவளுக்கு அது தெரியாதா?

தெரிந்திருக்கும். வேறு யார் சொல்லியிருந்தாலும் புரிந்துகொண்டிருப்பாள். அண்ணா சொன்னதால் நம்பிவிட்டாள்.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். ரோட்டைத் தாண்டிப் போய், "வெள்ளை கலரா? அழுக்குப் பட்டாத் தெரியுமே" என்றேன். சீ.

மார்ச் 22, ஞாயிறு

கூட்டம், தெருமுனை மழலைப் பள்ளியில். குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு பெரிய மனிதர்கள் எல்லோரும் பெரிய பேச்சுப் பேசினோம். டியூஷன் டீச்சர்தான் ரொம்பக் குதித்தார். "வீட்ல வியாபாரம் பண்ணா தெரு என்னத்துக்கு ஆகும்?" அவர் வீட்டு வாசலில் சாயங்காலமானால் சைக்கிள் வைக்க இடமிருக்காது. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அவள் எழுந்தாள். சத்தம் வராத மெஷின், தண்ணீர் போகத் தனிக் குழாய், ஆறு மணிக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று பொறுமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மீதிய அண்ணா பேசுவாரு" என்று உட்கார்ந்தாள்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்தேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். அவசரப்படக் கூடாது என்றேன். இன்னும் என்னென்னவோ மென்று முழுங்கினேன்.

"வேணுமா வேணாமா? அதச் சொல்லுங்க சார்" என்றார் செக்ரட்டரி.

"இப்போதைக்கு... வேண்டாம்னு தோணுது."

கை தூக்கச் சொன்னார்கள். லாண்ட்ரி வேண்டும் என்று தூக்கியது ஒரே ஒரு கை. அது என் மனைவியுடையது.

எதிர்வீட்டுப் பெண் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். கைப்பையின் ஜிப் சிக்கிக்கொண்டுவிட்டது. கூட்டம் கலையும் வரை அதை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 23, திங்கள்

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்க." காலையில் மனைவி பேசியது இது ஒன்றுதான். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது ஊரின் அந்தக் கோடியில் ஏதோ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கப் போகிறாளாம், போக வர இரண்டு பஸ். மத்தியானம் என் மனைவி போய் அவள் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாள். நேற்று இவள் போவதற்குள் அவன் தானே எழப் பார்த்துக் கீழே விழுந்து கிடந்தானாம். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ.

நான் பால்கனிக் கதவைத் திறப்பதில்லை. தெருவில் அவள் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். எதிர்முனையில் யாரும் இல்லை. என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 19, ஞாயிறு

"எதிர்வீட்டுக்காரரு உங்களப் பாக்கணுமாம். போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி. சாக்குச் சொல்ல முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு வரலாம், நெஞ்சில் கொஞ்சம் பாரமாவது குறையும் என்றுதான் போனேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

"கூட்டத்துல தெருவே எதிர்த்து நின்னப்போ நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காகப் பேசுனீங்கன்னு சொன்னா. நீங்களும் அண்ணியும்தான் கை தூக்குனீங்களாமே. அது போதும் அண்ணா. இந்தத் தெருவுல எங்களுக்குன்னு ஆளு இருக்கு."

அவள் கதவோரம் நின்றாள். "அண்ணாவுக்குத் தண்ணி கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். வேறென்ன செய்வது?

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள்.

"எதிர்வீட்டுக்காரங்களே கைய விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு. நாள் முழுக்கத் தனியாத்தானே கிடக்குறாரு. அதான் அப்படிச் சொல்லி வச்சேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க சார்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.