பல்லில் கடித்த வலை

அன்புள்ள சீதேவிப்பிள்ளைக்கு,

நான் சுகம். உன் முழங்கால் நோவு குறைந்ததா? இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணல்தான், ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் தோட்டம் பார்க்கும் இந்தக் கண்டி வீட்டில் நிருஷா மிஸ் ஒரு வைத்தியம் செய்கிறார். உடம்பைத் தொட்டு அழுத்தி, அசைக்கச் சொல்லி, எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று நம்மையே கவனிக்கவைத்து நிமிர்த்துகிறார். என் கழுத்து திரும்பாததைக் கண்டு என்னையும் படுக்கவைத்தார். நான் நம் ஊர் வாவியில் மீன் பிடித்தவன் என்று சொன்னதும், வலை வீசுவதுபோல் கையைத் தூக்கச் சொன்னார்.

“ஏன் ஐயா பல்லக் கடிக்கிறீங்க?”

“வலை ஓரத்தப் பல்லால பிடிச்சித்தான் வீசுற, பிள்ள.”

“இப்ப வலை இல்லையே. விடுங்க.”

தாடையை மெல்ல அழுத்தினார். பல் விட்டதும் என் வாயிலிருந்து உதயரூபன் என்ற பெயர் வந்துவிட்டது. வாவி நம் மகனை எடுத்த நாளிலிருந்து நம் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். கொஞ்சம் அழுதேன். பயப்படாதே, இப்போது கழுத்து நன்றாகத் திரும்புகிறது.

இங்கே குளிர். பழைய போர்வையைக் கொடுத்துவிடு. கருவாடும் கொஞ்சம் வை. தனியாகச் சாப்பிட ஒன்றும் ருசிக்கவில்லை.

இதை உனக்கு வாசிக்கும் மருமகள் கலாஜினி அந்தப் பெயர் வந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். புருஷனின் பெயரைச் சொல்லிப் பழகாதவள். அவளை வற்புறுத்தாதே. நீ பெற்றவள், நீ சொல்லு. அவள் கேட்கட்டும்.

செடிகளுக்குத் தண்ணீர் விட நேரமாகிவிட்டது.

உன்
வினாயகமூர்த்தி